எத்தனை ‘யெஸ்’ சொல்லியிருக்கிறாய்?

போன வாரம் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கலாம் என்று உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஓட்டமும் நடையுமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பின்னால் புது நர்ஸ் பிள்ளை ஒருத்தி ‘யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்’ என்று தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பாதி விளங்கவில்லை, திரும்பக் கேட்கவும் பயம்.  மருந்தும் வாங்காமல் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நர்ஸ் பிள்ளைகளே, ஊசி போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். என்னைவிட நீங்கள் படித்தவர்கள். நான் சொல்லப்போவது என் புத்திகெட்ட கதை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை வாசியுங்கள்.

நாடு சுதந்திரம் வாங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த நேரம். நம் பக்கம் அப்போது தமிழ்நாட்டோடு சேரவில்லை. எனக்கு ஊர் குழித்துறைக்குப் பக்கம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். நாலாம் வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டு அடுக்களைக்குத் திரும்பி வந்தேன். அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, கெட்டவள் இல்லை. ஆனால் அடுக்களை அவளுடையது. நான் ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்தால் அவள் ஒன்றும் சொல்லாமல் அதை வேறு இடத்தில் மாற்றி வைப்பாள். எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அண்ணன் கேள்விப்பட்டு வந்து சொன்னபோது, எனக்கு வயது இருபத்தேழு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு வாய் பேச வராது.

என்னோடு சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். போர்டிங்கில் படித்தவர்கள். இங்கிலீஷ் அவர்கள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். குளிக்கும் இடத்தில் என்னை ‘அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் மட்டும் நான் அக்கா இல்லை, யாரும் இல்லை. ஏனென்றால் மேட்ரன் ஒரு சட்டம் வைத்திருந்தார்: மேசையில் உட்கார்ந்தால் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். சோறு வேண்டுமென்றாலும் இங்கிலீஷில் கேட்டால்தான் தட்டு நகரும்.

சேர்ந்த இரண்டாம் நாள் நான் வாயைத் திறந்தேன். எதிரில் இருந்த பிள்ளை சிரித்தாள். அவள் வேறு எதற்கோ சிரித்தாளாம், பல வருஷம் கழித்து அவளே சொன்னாள். அன்று எனக்கு அது தெரியுமா? வாயைப் பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம், முதலில் என் தட்டில் விழுந்த சோற்றைத் தவிர ஒரு கரண்டி கூடுதலாக நான் சாப்பிட்டதில்லை. புளிக்கறி என் மூக்குக்கு முன்னாலேயே போகும், திரும்பி வரும். ‘பாஸ் த ரைஸ் ப்ளீஸ்’. இவ்வளவுதான் கேட்க வேண்டும். மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வாய்க்கு வராது. பசியோடு எழுந்து கை கழுவுவேன்.

படிக்காமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். காலையில் வெள்ளைக்கார டாக்டரம்மா வார்டு சுற்றும்போது பேசுவதில் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், காதில் பிடித்துக்கொண்டு வந்து தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். நாள் முழுக்க அதுதான் ஜெபம். பஞ்சு சுருட்டும்போது சொல்வேன், பெட்பேன் கழுவும்போது சொல்வேன். பால் மாவு டின்னில் எழுதியிருப்பதை உரக்க வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் எல்லாம் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். நான் இந்து, எனக்கு அங்கே வேலை இல்லை. ஆளில்லாத விடுதியில் கண்ணாடி முன்னால் நின்று ‘ஓப்பன் யுவர் மவுத்’ என்பேன். கண்ணாடியில் இருக்கிறவள் வாயைத் திறப்பாள். 

நான் பேசுவதைக் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாள். சவேரியம்மாள். முட்டத்தில் கடவம் என்ற ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். தொடை எலும்பில் சீழ் வைத்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. நாலு மாதமாக அதே கட்டில். புருஷன் கடலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அதனால் பார்க்க வர ஆள் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை மகள் வருவாள், அரை மணி நேரம் இருந்து அழுதுவிட்டுப் போவாள். எனக்கும் ஆள் இல்லை, அவளுக்கும் ஆள் இல்லை. தினமும் என் வாக்கியத்தை அவளிடம்தான் ஒப்பிப்பேன்.

“சொல்லு மக்கா, கேக்கேன்” என்பாள். நான் சொல்வேன். “இன்னொரு தரம் பறை. மொத தரம் பயந்துட்டே பறைஞ்ச.” மறுபடியும் சொல்வேன். “ஆங், இப்ப செரி. இப்ப வெள்ளக்காரி மாதிரி இருக்கு.” அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எதில் பயம் இருக்கிறது, எதில் இல்லை என்று சரியாகச் சொல்லிவிடுவாள். சந்தையில் கூவி விற்ற தொண்டை இல்லையா.

இனி என் களவைச் சொல்கிறேன். டாக்டரம்மா பேசுவதில் எனக்குக் கால்வாசிதான் விளங்கும். அவர் கை போகிற போக்கை, கண் போகிற இடத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்வேன். ‘யெஸ் டாக்டர்’ என்பேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். எங்களுக்கு மேலே ஒரு வார்டு சிஸ்டர் இருந்தார், நம்ம ஊர்க்காரர். அவர் பிறகு தமிழில் வேலையைப் பிரித்துச் சொல்லும்போது மீதியும் அநேகமாகச் சரியாகிவிடும். எல்லாரும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? வாயாடாத பிள்ளை, ஒரு தரம் சொன்னால் போதும், டக்கென்று பிடித்துக்கொள்வாள். மேட்ரனே மற்றப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டிப் பேசினார். அந்தப் பேரை விட எனக்கு மனசில்லை. பேர் போனால் பேரோடு நானும் போக வேண்டியதுதான், மைனியின் அடுக்களைக்கு.

ஒருநாள் வார்டு சிஸ்டருக்குக் காய்ச்சல். காலையில் நான் ஒருத்திதான். டாக்டரம்மா வழக்கத்துக்கு முந்தியே வந்துவிட்டார். பிரசவ வார்டில் ஒருத்தி கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள், அவர் மனசு அங்கே. எழுதிவைக்க நேரமில்லை, நின்ற நிலையில் சொல்லிக்கொண்டே போனார். சவேரியம்மாள் கட்டிலருகே நின்று, மாவுக்கட்டில் வெட்டிவிட்டிருந்த துளை வழியாகத் தொடையை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிற்று. என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பத்து மணி என்பது மட்டும் காதில் விழுந்தது. பத்து மணிக்குப் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். “விளங்கிற்றா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கிற்று.

“யெஸ் டாக்டர்.”

அவர் ஓடிவிட்டார்.

எட்டு மணிக்குக் கஞ்சி வந்தது. சவேரியம்மாளுக்கு உடம்பு கணகணவென்று சுட்டது. கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிடாத உடம்பு தேறாது என்பது நம்ம ஊர்ச் சாஸ்திரம். ஆஸ்பத்திரிக் கரண்டி அவளுக்குப் பிடிக்காது என்று முற்றத்துப் பிலாமரத்திலிருந்து ஒரு இலை பறித்து, கரண்டி மாதிரிக் கோட்டி, ஈர்க்குச்சி குத்திக் கொண்டுவந்தேன்.

“ஒரு மடக்கு குடியுங்கோ அக்கா.”

“வேண்டாம் மக்கா, ஓங்கரிக்கி.”

“எனக்காக.”

அவள் என்னைப் பார்த்தாள். “செரி, ஒரு காரியம் செய்வோம். நீ ஒரு இங்கிலீசு பறை, நான் ஒரு மடக்கு குடிக்கேன். நீ முடக்குனா நானும் முடக்குவேன்.”

எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம், ஒரு மடக்கு. ஒரு வாக்கியம், ஒரு மடக்கு. பயறும் கஞ்சியுமாக ஒரு கும்பா முழுக்க அவள் குடித்து முடித்தாள். அவ்வளவு நீளமாக நான் வாழ்க்கையில் இங்கிலீஷ் பேசியதில்லை. அன்று காலை முழுக்க என் நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்தது.

பத்து மணிக்கு இரண்டு அட்டெண்டர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஒருவர் வயதானவர். “பதினாலாம் கட்டில். ஆப்பரேஷன் ரூமுக்கு.”

“என்னத்துக்கு?” என்றேன்.

“கீறி சீழ எடுக்கத்துக்கு. டாக்டரம்மா காலத்தயே உங்கிட்ட சொல்லியாச்சுன்னாவளே. வயித்த காலியா வச்சிருக்கியா பிள்ளே?”

 வயிறு நிறைந்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி மூச்சுக்குழலில் ஏறி ஆள் போய்விடும் என்று முந்தின வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைத் தமிழில் சொன்னார்கள், அதனால் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

அட்டெண்டர்கள் அவளைத் தூக்கி வைத்துவிட்டார்கள். நான் கூடவே நடந்தேன். ஆப்பரேஷன் அறைக்குள் இருந்தது டாக்டரம்மாவும், மயக்க மருந்து கொடுக்கிற வெள்ளைக்கார சிஸ்டரும்தான். தமிழில் சொல்லிப் புரியவைக்க ஆள் கிடையாது. சொன்னால் என்னைத்தான் முதலில் கேட்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். இப்படியும் நினைத்தேன் பிள்ளைகளே. மறைக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “கஞ்சி குடிச்சது தப்பா மக்கா?”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள். “நான் களவா குடிச்சேன்னு சொல்லு. பக்கத்துக் கட்டில்காரி கிட்ட வாங்கிக் குடிச்சேன்னு சொல்லு. என்னய என்ன செய்வாவ? வைவாவ, அவ்வளவுதான். ஒனக்குப் பொழப்பு போயிரும்.”

அந்த வராந்தா நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடிக்குள் நான் ஒரு வாக்கியம் உண்டாக்க வேண்டும். நோட்டில் எழுபது வாக்கியம் இருந்தது. மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாக்கை நீட்டு, வலிக்கிறதா, திரும்பிப் படு, அதைக் கொண்டுவா. எல்லாம் டாக்டரம்மா சொன்னவை. நான் சொல்ல வேண்டியது அதில் ஒன்றுகூட இல்லை. அவள் சொல்லித்தந்த பொய்க்குத் தேவையான இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. ‘பேஷண்ட் டுக் கஞ்சி.’ மூன்றே வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது.

கதவு திறந்தது. டாக்டரம்மா கையுறை போட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். சவேரியம்மாளை உள்ளே தூக்கினார்கள். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், சொல்லிவிடு என்று. அந்தச் சிமிட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஸ்டாப்” என்றேன். சத்தம் பெரிதாக வந்துவிட்டது. “ஐ கேவ் கஞ்சி. எய்ட் ஓ கிளாக். ஐ கேவ்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “நான் உன்னிடம் சொன்னேனே” என்றார் இங்கிலீஷில்.

“யெஸ் டாக்டர்” என்றது என் வாய். பழக்கதோஷம். அடுத்த நொடி எனக்கே என்மேல் வெறுப்பு வந்துவிட்டது. “நோ டாக்டர். ஐ செட் யெஸ். ஐ டு நாட் அண்டர்ஸ்டாண்ட்.”

 அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ஆப்பரேஷன் நாளைக்கு என்று சொல்லி ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பினார். கோபத்தில் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார், எனக்கு விளங்க வேண்டும் என்று.

“இதற்கு முன்னால் எத்தனை ‘யெஸ்’ சொல்லியிருக்கிறாய்?”



அன்று மத்தியானம் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வார்டு முழுக்க, கட்டில் கட்டிலாக நடந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தாய் என்று கேட்டார். எனக்குச் சொல்ல வராததைச் செய்து காட்டினேன். அநேகம் சரியாக இருந்தது. ஆறாம் கட்டிலில் மார்த்தாண்டத்துக்காரி ஒருத்தி. அவளை ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுப்பி நடக்க வைக்கச் சொல்லியிருந்தாராம். அவர் கை காட்டியதைப் பார்த்து, அசையாமல் படுக்க வைக்கச் சொல்கிறார் என்று நான் ஒன்பது நாள் அவளைக் கட்டிலோடு கிடத்தியிருந்தேன். அன்று அவளை எழுப்பி நிறுத்தினபோது கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது. “நீங்க சொன்னிய, நான் கெடந்தேன்” என்றாள் அவள், பாவம். அந்தக் கால் நடுக்கம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

கடைசிக் கட்டிலில் ஒரு வயதான அம்மை. டாக்டரம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு நம்ம ஊர் பாஷையில் படபடவென்று ஏதோ முறையிட்டாள். டாக்டரம்மா சிரித்த முகமாக, “செரி, செரி” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது, காலையில் சிவந்தது மாதிரி இல்லை.

“அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்டார்.

அந்த மருந்தைக் குடித்தால் தொண்டை தீயாக எரிகிறது, ஒரு வாரமாக உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் செரி செரி என்கிறீர்கள், மறுநாளும் அதே மருந்துதான் வருகிறது. இதுதான் அந்த அம்மை சொன்னது. என் எழுபது வாக்கியத்தையும் பிய்த்துப் பிய்த்துப் போட்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, எப்படியோ சொல்லி முடித்தேன். டாக்டரம்மா திரும்பிப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. மூன்று வாரம் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது, துணி மடிக்கிற அறையில் வேலை. மேட்ரன் சொன்னபோது நான் ‘யெஸ்’ சொல்லவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லி, விளங்கின பிறகு போனேன். அன்று மேசையில் ஒருத்தரும் பேசவில்லை. எட்டுப் பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இனி போக என்ன மானம் இருக்கிறது என்று தோன்றிற்று. “பாஸ் த ரைஸ் ப்ளீஸ்” என்றேன். தட்டு கை மாறி வந்தது. அன்று நான் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, அதையும் சோற்றோடு விழுங்கினேன்.

துணி அறையில் ஜன்னல்கூடக் கிடையாது. மடிப்பேன், அடுக்குவேன். பேச ஒரு ஈ காக்கை இல்லை. ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அட்டெண்டர் சொல்லித்தான் தெரியும். மூன்று வாரம் கழித்து வார்டுக்குப் போனபோது சவேரியம்மாள் இடுப்பு மாவுக்கட்டு நீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“வந்தியா மக்கா? பொய் சொல்லச் சொன்னா அதுவும் ஒனக்கு வராது” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது அந்தச் சங்கதியைப் பற்றி. அப்புறம், “அண்ணைக்கு அங்க நின்னு கத்துனியே, அத பறை பாப்போம். அதுல பயமே இல்ல” என்றாள்.

அதன்பிறகு தினமும் எந்த வாக்கியம் கொண்டுபோனாலும், முதலில் அந்த ‘ஐ டு நாட் அண்டர்ஸ்டாண்ட்’தான் வேண்டும் என்பாள். நான் சொல்வேன், அவளும் கூடவே முனகுவாள்.

அவள் வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. டாக்டரம்மா கட்டிலருகே நின்று, இன்னும் எத்தனை நாள் கம்பு ஊன்ற வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழும் இங்கிலீஷுமாக மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். சவேரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, மீன் விலை சொல்கிற தொண்டையில் சொன்னாள்: “ஐ டு நாட் அண்டர்ஸ்டாண்ட், டாக்டரம்மா.”

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் நிறுத்தி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது அதைத்தான். கடவம் சுமந்த ஒருத்திக்கு வந்த தைரியம் உங்களுக்கும் வர வேண்டும். டாக்டர் முகம் கடுகடுக்கும், கடுகடுக்கட்டும். கட்டிலில் கிடப்பவள் உங்களை நம்பிக் கிடக்கிறாள்.

அவளைக் கூட்டிப்போக மகளும் புருஷனும் வந்திருந்தார்கள். பஸ் ஏறும் இடம் வரை நான் போக முடியாது, டியூட்டி. பதினாலாம் கட்டிலில் விரிப்பை மாற்றினேன். தலையணைக்குக் கீழே காய்ந்த பிலாயிலை ஒன்று, ஈர்க்குச்சியோடு கிடந்தது. எடுத்து வெளியே போட்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். டாக்டரம்மா சொன்ன வாக்கியம் எதுவும் அன்று நாக்கில் வரவில்லை. வெகுநேரம் நின்று, நானாக ஒன்று சொன்னேன். “மை ஃபிரெண்ட் வென்ட் ஹோம்.”

இரண்டாம் தரம் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டில் நானாகச் சொன்ன வாக்கியம் என்று இருந்தது அது ஒன்றுதான்.